தள்ளிப்போட்ட ஆபரேஷன்

"வயித்துல புத்து வளருது, நீ பவுடரைக் கரைச்சு ஊத்திக்கிட்டிருக்கே! வெட்டி எடுக்கிறேன்னு சொன்ன டாக்டர்கிட்ட தலையை ஆட்டிட்டு, ரெண்டு வாரம் தள்ளிப்போட்டுட்டு வந்திருக்கியே... நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

காலை ஏழு மணிக்கே நாத்தனார் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். தையல்காரரின் மனைவி வெதுவெதுப்பான நீரில் சத்துப் பவுடரைக் கலக்குவதிலேயே கண்ணாக இருந்தாள். கரையாத துணுக்கு ஒன்று போதும், கணவரின் மூக்கு வழியாக இறக்கியிருந்த குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஆறே மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கியிருந்தார் மனிதர். "இந்த உடம்பு கத்தியைத் தாங்காதும்மா. முதல்ல சத்து ஏத்தணும். இல்லேன்னா உள்ள போடுற தையல் சேராது" என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சம்மதித்து அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வந்திறங்கிய நாத்தனாருக்கு அந்தக் கையெழுத்து நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"எலும்பும் தோலுமா ஆயிட்டான். பக்கத்துல இருந்தவளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? தாயில்லாப் பிள்ளையை இடுப்புல சுமந்து வளர்த்தேன்டி... உன் கையில கொடுத்தேன் பாரு!"

"அக்கா... போதும்."

கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. குழாய் தொண்டையை உறுத்த, விட்டு விட்டுப் பேசினார்.

"அவளுக்கு எப்படித் தெரியும்? உடம்பு இளைக்க இளைக்க, கடையில உக்காந்து என் சட்டையெல்லாம் தொளதொளன்னு தெரியாம உள்பக்கமா நானே பிடிச்சுத் தச்சுக்கிட்டேன். தொண்டையில இறங்காம, இவ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக் கொட்டிட்டு வெறும் டப்பாவைக் கொண்டுவந்தேன். தெரிஞ்சா அழுவாளேன்னு..."

மனைவி தன் கையைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அந்தச் சட்டைகளைத் துவைத்த கை! உள்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே...

அழ நேரமில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, தலைமாட்டை உயர்த்தி வைத்து, சிறுகச் சிறுக ஊற்றினாள். இரண்டு கிலோ ஏறியது. அவளாகவே சிரித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஆபரேஷனுக்கு ஐந்து மணி நேரமாகும் என்று சொல்லி உள்ளே போன டாக்டர் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தார்.

"எல்லா இடத்துலயும் பரவியிருக்கும்மா. எடுக்க முடியலை. குடலுக்கு நேரா ஒரு குழாய் வச்சிருக்கோம். இனிமே சாப்பாடு அது வழியாத்தான்."

"பாவி! நீ தள்ளிப்போட்டதாலதான்டி!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் டாக்டர். "இது ரெண்டு வாரத்துல பரவினது இல்லை. அன்னைக்கே வயித்தைத் திறந்திருந்தா மேஜையிலேயே போயிருப்பார். இன்னைக்கு அவருக்கு மூச்சு இருக்குன்னா, இவங்க ஊத்தினதுதான் காரணம்."

பழி நீங்கிவிட்டது. நீங்கி என்ன?

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். கணவர் கண் மூடிக் கிடந்தார். வயிற்றிலிருந்த குழாயில் அவள் ஊற்றத் தொடங்கியபோது, நாத்தனார் மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் சொல்லிக் கொடும்மா... நீ தூங்கி எத்தனை நாளாச்சு! இந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்..."

"அண்ணி!"

ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்கள். பிறகு மனைவிதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாரின் கையில் சிரிஞ்சைக் கொடுத்தாள்.

"மெதுவா விடுங்க அண்ணி. இன்னும் எத்தனை நாளைக்குன்னு நான் டாக்டரைக் கேக்கலை... நீங்களும் கேக்காதீங்க."