மஞ்சள் சிவந்த சுவர்

சனிக்கிழமை காலை பத்து இருபது. கவுன்சிலில் பழைய கட்டிடங்களுக்குப் பொறுப்பான றூபினி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, நகை களவு போய் ஒரு நாள் ஆகியிருந்தது. கள்ளன் யாரென்றும் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்.

ரெய்னர்ஸ் லேன் கடைகளுக்குப் பின்னால் இருந்த முந்நூறு வருடப் பண்ணை வீடு அது. சுற்றியிருந்த வயல்களை லண்டன் விழுங்கிவிட்டது. வீட்டை விழுங்கவில்லை. இரண்டடித் தடிப்பான கல் சுவர் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டை வாங்கிய வாமதேவன் ஒவ்வொரு கல்லையும் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். அடுப்பங்கரைச் சுவரைத் திருத்த அனுமதி கேட்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் றூபினி வந்தாள்.

"முதல்ல இதைப் பாருங்கோ," என்றார் வாமதேவன்.

பெரிய அடுப்பின் வலப்பக்கம், முன்பு ரொட்டி சுட்ட பழைய பாண் போறணையின் வாயை மறைத்து அடைத்த கற்கள். அதில் ஒரு சதுரக் கல்லைச் சுற்றியிருந்த பூச்சில் மட்டும் செம்மண் நிறத்தில் சில துளிகள்.

"ரத்தம். அவன்ர விரலைப் பாருங்கோ."

முற்றத்தில், சுண்ணாம்புத் தொட்டியருகே கட்டுப் போட்ட பெருவிரலோடு நின்றான் றொனால்ட். மன்னார்க்காரன், கல் மேசன். மூன்று மாதமாக வெளிச்சுவரில் வேலை.

"கல்லு வெட்டேக்க பட்டது, அக்கா. உள்ளுக்கு நான் கை வைக்கேல்லை. நீங்கள் அனுமதி தாற வரைக்கும் தொடக்கூடாதெண்டு எனக்குத் தெரியும்."

"உம்மட முதலாளிக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டாள் றூபினி.

"அண்ணை நேற்றே சொல்லிப்போட்டார். முதலாளி இனி வரவேண்டாமாம். சாமான் எடுக்கத்தான் வந்தனான். கோயில் சனத்துக்கும் கதை போயிட்டுது."

றூபினி குறிப்பேட்டை மூடினாள். இந்த ஊரில் ஒரு வேலை போனால் இன்னொன்று வரும். கள்ளன் என்ற பெயர் போகாது.

பதினொன்று ஐந்து. றூபினியின் விசாரணை.

"நகையைக் கடைசியாய் எப்ப கண்டனீங்கள்?"

"வியாழன் மத்தியானம்," என்றார் வாமதேவன். "கூரைக்குக் கல் ஓடு திங்கள் வருது. மனுசியின்ர நகையை வித்துத்தான் எடுக்கிறம். வெள்ளி பின்னேரம் பார்த்தால் பெட்டி வெறுமை."

"வெள்ளி காலமை?"

"நான் வேலைக்கு. இவ வழமைபோல வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுக் கோயிலுக்குப் போனவ."

அவர் மனைவி நாகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள்.

பன்னிரண்டு பத்து. சாப்பிடாமல் போகக்கூடாது என்று புட்டும் சம்பலும் வைத்தாள். தானும் உட்கார்ந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்துத் தின்றாள்.

"என்ன, வெள்ளைக்காறியாகிட்டீரோ?" என்று கணவர் சீண்டினார். அவள் கரண்டியை விடவில்லை.

றூபினி பாதியில் எழுந்தாள். சமையலறையில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அடுப்புச் சுவருக்கு வந்தாள். ஓரிடத்துப் பழைய பூச்சில் தொட்டாள். மஞ்சளாகவே இருந்தது. சதுரக் கல்லின் ஓரத்தில் தொட்டாள். கண்முன்னே சிவந்தது.

"ஆராத்தித் தண்ணி எப்பிடிச் சிவக்கும், அண்ணை? மஞ்சளும் சுண்ணாம்பும். பழைய சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகிப்போகும், மஞ்சளைச் சிவக்க வைக்காது. இது ரத்தமில்லை. இந்தக் கல்லைச் சுத்தி நேற்று முந்தநாள்தான் பூசினது."

"அப்ப இவன்தானே? சுண்ணாம்பு இவன்ர."

"கல்லைப் பாருங்கோ. உள்ளே வரி வரியாய்ப் படிஞ்சிருக்கு. மண்ணுக்குள்ள படுத்திருந்த மாதிரியே சுவரிலும் படுக்க வைக்க வேணும். இல்லாட்டி பனியில உரிஞ்சுபோம். மற்றதெல்லாம் படுத்திருக்கு. இது மட்டும் நிக்குது. எந்த மேசனும் இப்பிடி வைக்கமாட்டான், தூக்கத்திலயும்."

வாமதேவன் கிட்ட வந்து கல்லின் வரிகளைத் தடவினார். கற்களைப் பிள்ளை போலப் பார்த்தவருக்கு இது தெரியவில்லை.

றூபினி நாகேஸ்வரியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் றொனால்டைத் தனியே கூப்பிட்டு யாரும் குற்றம் சொல்லவில்லையே.

"பச்சைச் சுண்ணாம்பை வெறுங்கையால அள்ளினால் விரல்நுனி வெந்துபோம். பிறகு உறைப்புச் சம்பல் தொட ஏலாது, எரியும். கையைக் காட்டுங்கோ, நாகேஸ்வரி அக்கா."

அவள் விரித்தாள். பத்து நுனியும் புண்.

"இந்த வீட்டுக்கு எல்லாத்தையும் குடுத்தாச்சு," என்றாள் கணவரைப் பார்த்து. "அந்த நகை என்ர அம்மா போட்டு விட்டது. விக்கட்டோ எண்டு கூட நீங்கள் என்னைக் கேக்கேல்லை. வியாழன் பின்னேரம் இந்தக் கல்லைக் கழட்டி உள்ளுக்கு ஒளிச்சனான். வெள்ளி கைப்பழக்கத்தில மஞ்சள் தண்ணியைத் தெளிச்சிட்டன். சிவந்ததைக் கண்டு துடைச்சுப் பார்த்தன், போகேல்லை. நீங்கள் இந்த மனுசனைப் பிடிப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை. பிடிச்ச பிறகு சொல்ல வாய் வரேல்லை."

வாமதேவன் போனை எடுத்து, றொனால்டின் முதலாளியின் எண்ணை அழுத்தினார்.

"தாங்கோ, நான் கதைக்கிறன்," என்று நாகேஸ்வரி வாங்கினாள். வெந்த விரல்களால் பிடிக்க முடியாமல், மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். றொனால்ட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"வணக்கம். நான் வாமதேவன்ர மனுசி கதைக்கிறன். நகையை எடுத்தது றொனால்ட் இல்லை, நான். கோயில்ல வைச்சு ஆரும் கேட்டாலும் இதையே சொல்லுங்கோ. என்ர பேரோட."