பதினோரு தாரா முட்டைகள்

பின்னறையில் வெளிச்சம் இல்லை.

விடிந்தும் விடியாத வேளையில் கதவைத் திறந்தாள் முத்தாரம்மாள். முட்டைகளை அடைவைத்த தெர்மாகோல் பெட்டியில் இருபத்தைந்து நாட்களாக அணையாமல் எரிந்த பல்பு அணைந்து கிடந்தது. சுவரில் பிளக் இல்லை. பெட்டியின் மேல் ஒயர், ரயில்வே கார்டு தன் கொடியைச் சுருட்டி வைப்பதுபோல, இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அப்படிச் சுருட்டுகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான். முப்பத்தாறு வருஷம் ரயிலில் கார்டாக இருந்த அவள் கணவர் நயினாரின் கை.

அவசர அவசரமாக ஒயரைப் பிரித்துச் சொருகினாள். பல்பு எரிவதற்கும் மருமகள் ஸ்ரீலட்சுமி வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"அத்த... என்ன செய்யுதீங்க?"

ஓடிவந்து பெட்டிக்குள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். முப்பத்தேழரையில் நிற்க வேண்டியது இருபத்தொன்பதில் நின்றது.

"ஐயோ! யாரு ஆஃப் பண்ணினா? அத்த, யாரு?"

முத்தாரம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"நான்தான் மக்களே... கரண்ட் சார்ஜ் கூடுதேன்னு..."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. பத்து மாதப் பழக்கம்.

ஸ்ரீலட்சுமி பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு, தாழ்ந்த குரலில், "இன்னும் ரெண்டு நாளு, அத்த... ரெண்டே நாளு! உங்களுக்குப் பொறுக்கல்ல, இல்லியா?" என்றாள்.

அந்த முட்டைகள் வெறும் முட்டைகள் அல்ல. முத்தாரம்மாளின் ஒரே மகன் வினீத், கரமனை வீட்டின் பின்கட்டில் ஆசையாக தாரா என்று அங்கே சொல்லும் வாத்துகளில் ஐந்து பெட்டைகளை வளர்த்தான். ஜோடிக்கு ஒரு சேவல் தாரா வேண்டுமென்று பத்து மாதத்துக்கு முன் ஒரு மழைநாளில் விதுராவுக்குப் பைக்கில் போனான். திரும்பும் வழியில் வண்டி சறுக்கியது. அவன் உயிரோடு வரவில்லை. சாக்குக்குள் கட்டியிருந்த சேவல் தாரா மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

போன மாதம் தெருநாய்கள் வலையைக் கிழித்து ஆறையும் கடித்துப்போட்டன. அந்த வாரம் சேர்த்து வைத்திருந்த பதினோரு முட்டைகள்தாம் மிச்சம். ஸ்ரீலட்சுமி தன் கையாலேயே பெட்டி செய்து, பல்பு மாட்டி, வேளை தவறாமல் முட்டைகளைப் புரட்டி, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் காத்துவந்தாள். புருஷன் போன பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது என்றால், அது முட்டைக்குள் ஏதோ அசைந்ததைக் கண்ட அன்றுதான்.

"அண்ணைக்கே சொன்னீங்களே! 'இந்தத் தாராவாலதான் எம்புள்ள போனான்'னு எல்லாரும் கேக்க சொன்னீங்களே!" ஸ்ரீலட்சுமியின் குரல் உடைந்தது. "அவரு போட்டோவக் கூட ஹால்ல மாட்ட விடல்ல நீங்க. என்னைக் கண்டாலே மாமாவ ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவச் சாத்துதீங்க. நான் என்ன பாவம் செஞ்சேன் அத்த? தாலி அறுத்தவ முகத்துல முழிக்கக் கூடாதுன்னா?"

"அப்பிடிச் சொல்லாத மக்களே!"

"பின்ன எப்பிடிச் சொல்ல? நான் எங்க அம்மை வீட்டுக்குப் போறேன். அண்ணன் சாயங்காலம் வருவான். இனி நீங்களும் உங்க கரண்ட் சார்ஜும்!"

வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள் முத்தாரம்மாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்... பழி போய்விடும். ஆனால் ஒரு வருஷத்துக்கு முன், டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் நயினார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருந்தது. "முத்து, எனக்கு மறதின்னு யாருக்கும் தெரியாண்டாம், கேட்டியா? பிள்ளைங்க முன்னால என்னைக் கோட்டிக்காரனா ஆக்கிராத." பச்சைக் கொடி காட்டி லட்சக்கணக்கான உயிர்களை ஊர் கொண்டு சேர்த்த மனுஷன், குழந்தைபோல் கெஞ்சினார். அவள் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஒன்பது மணிக்கு அடுத்த அடி விழுந்தது. காற்றும் மழையுமாக அடித்ததில் தெருமுனை மரக்கொம்பு முறிந்து லைன்மேல் விழுந்து, கரண்ட் போனது. விசாரித்தால், சாயங்காலத்துக்குள் வந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள்.

முத்தாரம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் நிரப்பித் துணி சுற்றினாள். பின்னறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதினோரு முட்டைகளையும் பழைய வேட்டியில் பொதிந்து வயிற்றோடு அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். பாட்டில் ஆறியதும் எழுந்து மாற்றினாள்; மறுபடி உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. முழங்கால் மரத்துப்போனது.

'பிள்ளையாரப்பா, என் பிள்ளையைத்தான் காப்பாத்தல்ல... இதையாவது காப்பாத்தித் தா!'

மத்தியானம், பையும் கையுமாக அந்த வழியே போன ஸ்ரீலட்சுமி எட்டிப் பார்த்தாள். "அணைச்சதும் நீங்க, இப்ப அடைகாக்கறதும் நீங்களா?" என்றாள். முத்தாரம்மாள் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தூங்கி எழுந்த நயினார், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பின்னறைக்கு வந்தார். கதவோரம் நின்ற மருமகளை அவர் கவனிக்கவில்லை.

"ஏ முத்து, வினீத் வந்தாச்சா?"

முத்தாரம்மாளின் கண் மருமகளிடம் ஓடியது. "நீங்க... நீங்க போய்ப் படுங்க."

"அவன் பெட்டியில பல்பு ராத்திரி ஃபுல்லா எரிஞ்சு கிடந்துது. நாந்தான் ஒயர உருவிச் சுருட்டி வச்சேன். தீ பிடிச்சிரும்லா? அவன்கிட்டப் பறயாத, சாடுவான்." சொல்லிவிட்டு ரகசியமாகச் சிரித்தார். "மழை பெய்யுது. எங்க போனான் இந்தப் பய?"

ஸ்ரீலட்சுமியின் கையிலிருந்த பை தரையில் விழுந்தது. "மாமா... அவரு..."

வேண்டாம் என்று முத்தாரம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். பிறகு அன்றாடம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்: "சாலை மார்க்கெட்டுக்குப் போயிருக்கான். தாராவுக்குத் தவிடு வாங்க. வந்திருவான், நீங்க ஹால்ல இருங்க."

அவர் சமாதானமாகித் திரும்பிப் போனார்.

ஸ்ரீலட்சுமி மெதுவாக வந்து எதிரே மண்டியிட்டாள். "எத்தன நாளா அத்த?"

"ஒரு வருஷமாச்சு மக்களே. அவன் போனதுக்குப் பொறவு கூடிட்டு." முத்தாரம்மாள் முட்டைப் பொதியைச் சரிசெய்துகொண்டாள். "ஒரே ஒரு தடவ உண்மையச் சொன்னேன். அவன் அண்ணைக்குத்தான் செத்த மாதிரி தரையில உருண்டு அழுது கரஞ்சாரு. பத்து நிமிஷம்... மறந்துட்டு, 'வினீத் வந்தாச்சா'ன்னு மறுபடி கேட்டாரு. இன்னொரு தடவ என் வாயால என் பிள்ளையக் கொல்ல முடியல்ல..."

"அதுக்குத்தான் போட்டோவ..."

"மாலை போட்ட படத்த அவரு பாத்தா? உன் முன்னால அவனக் கேட்டுருவாரோன்னுதான் கதவச் சாத்தினேன். உன் புண்ணக் கீறக் கூடாதேன்னு... நீ என் முகத்துல முழிச்சாத்தானே மக்களே எனக்கு விடியும்!"

"ஐயோ அத்த! நான் என்னென்ன சொல்லிட்டேன்!" ஸ்ரீலட்சுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். முத்தாரம்மாள் ஒரு கையால் முட்டைகளை அணைத்து, மறுகையால் அவள் முதுகைத் தடவினாள். ஆனால் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அதை ஸ்ரீலட்சுமி கண்டாள். "அத்த... அவரு போயி நீங்க கரஞ்சே நான் பாக்கல்ல."

"எப்பிடிக் கரைய? சத்தம் கேட்டா, ஏன்னு கேப்பாரே."

ஸ்ரீலட்சுமி கண்ணைத் துடைத்தாள். முட்டைப் பொதியை வாங்கித் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். "போங்க அத்த. பின்கட்டுல போயி மனசு விட்டுக் கரஞ்சுட்டு வாங்க. மாமாவ நான் பாத்துக்கிடுதேன்."

ஹாலில் அவள் குரல் உரக்கக் கேட்டது. "மாமா! நம்ம ஊரு சென்ட்ரல்லருந்து நாரோயிலுக்கு வண்டி விட்டா, எங்கெல்லாம் நிக்கும்? சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது கேக்கல்ல!"

"இது தெரியாதா உனக்கு?" நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதை மறந்தாலும் அவருக்கு அது மறக்கவில்லை. "நேமம்! பாலராமபுரம்! நெய்யாற்றின்கரை!..."

கிழிந்த வலையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள் முத்தாரம்மாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, "என் மக்களே... வினீத்தே!" என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பியது குரல்.

"பாறசாலை! குழித்துறை!" என்று உள்ளே முழங்கினார் கணவர். "இன்னும் சத்தமா மாமா!" என்று அழுதுகொண்டே சொன்னாள் மருமகள்.

கரண்ட் ஆறு மணிக்கு வந்தது. தங்கையை அழைத்துப்போக வந்த அண்ணன், காப்பி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினான். மூன்றாம் நாள் நான்கு முட்டைகளில் விரிசல் விழுந்தது. மற்ற ஏழும் பொரியவில்லை. அத்தையும் மருமகளுமாக அவற்றை வாழைமரத்தடியில் புதைத்தார்கள்.

ஈரம் காயாத மஞ்சள் குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நயினார் தலை நிமிர்ந்தார். "வினீத் வந்ததும் காட்டணும்."

முத்தாரம்மாள் வாய் திறப்பதற்குள் ஸ்ரீலட்சுமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"காட்டலாம் மாமா," என்றாள்.