காலி அரங்கத்தின் ஒரு நிமிடம்

அந்த மௌனத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

போக்னா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு டேப்பைத் திரும்ப ஓடவிட்டாள். புதிய இசைக்கோவை. வயலின்களைக் கீறிக் கதறவைத்துவிட்டு, கடைசியில் ஒரு நிமிடம் யாரும் எதையும் வாசிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார் அதை இயற்றியவர். போலந்தின் கத்தோவித்செ நகரில் பனி கொட்டத் தொடங்கியதும் கலைஞர்கள் டிராம் பிடிக்க ஓடிவிட்டார்கள். அவள் கணவன் ஸெனோன் காலி அரங்கத்திலேயே அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்திருந்தான்.

காலி அரங்கம் லேசாக எதிரொலிக்கும். ஆட்கள் நிறைந்தால் கம்பளிக் கோட்டுகளும் உடம்புகளும் அந்த எதிரொலியைக் குடித்துவிடும். பதிவறையிலேயே கிடந்து பழகிய காதுக்கு இது தெரியாதா? டேப்பில் இருந்தது நிறைந்த அரங்கம்.

"காலி ஹால்ல கூட்டம் கேக்குதா உனக்கு?" ஸெனோன் சிரித்தான். "பசி காதை அடைக்குதுடி. இன்னொரு தடவை எடுத்துடறேன், போற வழியில சூடா பியரோகி கொழுக்கட்டை சாப்பிடலாம்."

"வேண்டாம். நாளைக்கு எல்லாரும் வந்தப்புறம் எடுப்போம்."

"ஒரு நிமிஷம்தானே."

பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேடையில் அவன் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவள் அரைமனதோடு சிவப்பு விளக்கைப் போட்டாள். அது எரிந்துகொண்டிருக்கும்வரை அங்கே யாரும் அசைய மாட்டார்கள், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அணைந்ததும் எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டு, இருமி, சிரிப்பார்கள். பல வருடப் பழக்கம் அது.

முதலில் அவனுடைய மூச்சு கேட்டது. பிறகு அதுவும் அடங்கி, வெந்நீர்க் குழாயின் முனகலும், உயரக் கூரையில் பட்டுத் திரும்பும் மெல்லிய காற்றோசையும் மட்டும் மிஞ்சின. அந்தக் காற்றோசை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. பின்வரிசையில் ஏதோ கோட்டு உரசியது. பிறகு முன்வரிசையில். எட்டிப் பார்த்தாள். எல்லா நாற்காலிகளும் காலி.

அரங்கத்துக்குள் பேசும் பொத்தானை அழுத்தினாள். "ஸெனோன், வெளிய வா."

அவன் திரும்பாமலே உதட்டில் விரல் வைத்தான். விளக்கு எரியும்போது பேசினால் அவனுக்கு ஆகாது.

எதிரொலி அறவே நின்றது. உடம்புகள். வரிசை வரிசையாக. இப்போது மேடையிலும். அவனைச் சுற்றி.

விளக்கை அணைத்தால் எழுந்து வந்துவிடுவான். அணைத்தாள்.

அரங்கம் முழுக்க, நூற்றுக்கணக்கானவர்கள், அடக்கிவைத்த மூச்சை ஒன்றாக விட்டார்கள். யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள்.

உதட்டில் வைத்த விரலோடு உட்கார்ந்திருந்த ஸெனோன் மட்டும் மூச்சு விடவில்லை.