செல்லியம்மாளின் கண்கள்

காலையில் படத்தில் வைத்த கண் மாலை ஐந்தாகியும் காயவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தத் தகரக் கொட்டகை அனலாகக் காந்தியது. பக்கத்து இரும்பாலையின் உருளைகள் ஓயாமல் தடதடத்தன. மூக்கை அடைத்தது எண்ணெய்ச் சாய வாடை. நந்தினி அந்த இரண்டு கறுப்புப் புள்ளிகளையே பார்த்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டாள். ஏழாம் மாதம். நான்கு முறை கலைந்து, ஐந்தாவதாக நின்ற பிள்ளை. இதுவும் போனால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று முடிவே செய்திருந்தாள்.

பழைய படங்களைச் செப்பனிடுவது அவள் தொழில். இந்தப் படத்தை வரைந்த அப்பாவு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பழவேற்காட்டுக்காரர். மற்றவர்கள் சாமியையும் ராஜாவையும் வரைந்துகொண்டிருக்க, இந்த மனிதர் மீன் ஆய்கிறவளையும் உப்பு விற்கிறவளையும் வரைந்து துரைமார்களிடம் பேர் வாங்கினார். கடைசிப் படம் அவர் மனைவி செல்லியம்மாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்காகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கைகள் மடியில் கிடக்கின்றன. காலில் பிள்ளை இல்லை. முகத்தில் கண்ணும் இல்லை. உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நந்தினிதான் புதிதாக வைத்தாள்.

படத்தோடு வந்த பழைய காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்த உதவியாளர் தமிழ்செல்வி தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, கண்ணு உதுரல. அவரு வெக்கவே இல்லியாம். புள்ள செத்துப் பொறந்த மறுநாளு இந்தம்மாவ உக்கார வெச்சு வரைஞ்சிக்கினு இருந்தாராம். கண்ணு வெக்கசொல்லோ பயந்துபோயி பிரஷ்ஷ கீழ போட்டவருதான், சாவற வரிக்கும் தொடலியாம். நீ கண்ணு தொறக்கசொல்லோ எதிர்ல கண்ணாடி வெச்சியா?"

"சாமிக்குதான்டி அதெல்லாம். இது ஊட்டுப் பொம்பள."

"அப்ப மொதப் பார்வ எதும்மேல பட்டுது?"

நந்தினி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். படத்துக்கு நேரெதிரே, வயிற்றை முட்டக் கொடுத்து உட்கார்ந்துதான் அவள் அந்தக் கண்ணைத் திறந்திருந்தாள்.

"பேஜாரா கீதுக்கா. கெளம்பு நீ. ஆட்டோ இட்டாறேன்," என்று தமிழ்செல்வி வெளியே ஓடினாள்.

உருளைச் சத்தம் நின்றது. ஷிஃப்ட் மாறும் நேரம். அந்த அமைதியில் தண்ணீர் சொட்டியது. கொட்டகையில் குழாயே கிடையாது. சாய வாடை விலகி, வெந்நீரும் மஞ்சளும் மணத்தன.

நந்தினி எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

வயிற்றுக்குள் பிள்ளையும் திரும்பியது. படம் இருந்த பக்கமாக.

ஓரடி வைத்தாள். விலாவில் முட்டியது. இன்னும் ஓரடி. முதுகில் முட்டியது.

"வேணாம் பாப்பா. அம்மா நான் இங்க கீறேன். பாப்பா, வேணாம்."

வலி அவளைத் திருப்பியது.

செல்லியம்மாள் இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.

நந்தினியின் வயிற்றுத் தோல் மெல்ல மேலெழுந்தது. சேலைக்கு அடியில், ஒவ்வொன்றாக, ஐந்து சின்ன விரல்கள் அந்தக் கைகளை நோக்கி விரிந்தன.