டிக் சத்தம் எங்கிருந்து வந்தது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் அஜந்தாவின் அப்பா முகம் மழித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொள்வார். எங்கும் பயணம் போவதற்காக இல்லை. ஆரையம்பதிக் கணினி நிலையத்தில் மகளோடு ஒரு கணினிக்கு முன்னால் உட்காருவதற்குத்தான்.

அம்மா கட்டார் நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அந்த வீட்டுப் பெண்பிள்ளை தன் கணினியைக் கொஞ்ச நேரம் கொடுப்பாள். திரையில் அம்மாவின் முகம் வரும். வாரத்தில் அந்த ஒரு முறைதான்.

அன்றைக்கு முகம் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. குரல் துண்டு துண்டாக வந்து, பிறகு அதுவும் போய்விட்டது. அப்பா திரையைப் பார்த்துக் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரண அமைப்பு கட்டிக் கொடுத்த நிலையம் அது. நான்கு கணினிகள். பொறுப்பாக இருந்தவள் வதனி அக்கா. என்ன பிழை என்று அவளுக்கும் விளங்கவில்லை. முதலில் தொலைபேசிக் கம்பியைச் சந்தேகித்தாள். பிறகு எறும்புகளை. நிலையத் தலைவர் தங்கராசா மாமா அங்கே படிக்க வரும் பிள்ளைகளைச் சந்தேகித்தார். அவர்கள் விசைகளைப் போட்டு உடைக்கிறார்கள் என்றார்.

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. புதிதாக வந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் ஒவ்வோர் எழுத்துக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் பந்தயம் வைத்துத் தட்டினார்கள். அதில் அஜந்தாதான் முதலாள்.

மென்பொருள் ஒரு சீடியில் வந்திருந்தது. முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியின் கணினி நிலையத்து ஹலீம் சேர் அதை இணையத்திலிருந்து எடுத்து, சீடியில் பதிந்து, பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார். இலவசமானது, எவரும் திறந்து உள்ளே பார்க்கலாம், திருத்தலாம் என்றும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை மற்றப் பிள்ளைகள் போன பிறகு அஜந்தா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் எதையும் தொடவில்லை. ஆனால் யாராவது கதைத்தால் மட்டும் மினுங்கும் இணையப் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று துடித்தது.

"அக்கா, ஒருத்தரும் கதைக்கல்ல. பிறகு இது ஆரோட கதைக்குது?"

வதனி அக்கா வந்து பார்த்தாள். விளக்கு நிற்கவே இல்லை.

அஜந்தா எல்லாக் கணினிகளின் வயர்களையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பூட்டிப் பார்த்தாள். மூன்று கணினிகளில் எதைப் பூட்டினாலும் விளக்கு துடித்தது. மூலையில் இருந்த பழைய கணினியைப் பூட்டினால் மட்டும் அமைதியாக இருந்தது.

அதிலும் அதே சீடிதானே போட்டது என்று வதனி அக்கா குழம்பினாள். அஜந்தா பழைய கணினியில் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. அதற்கு ஸ்பீக்கரே இல்லை. ஸ்பீக்கர் இல்லாததால் டிக் சத்தத்துக்கான மென்பொருள் துண்டை மட்டும் வதனி அக்கா அதில் போடாமல் விட்டிருந்தாள்.

அந்தத் துண்டை ஒரு கணினியிலிருந்து அழித்தார்கள். விளக்கு நின்றது. மற்ற இரண்டிலும் அழித்தார்கள். அவையும் அடங்கின. டிக் சத்தம் போடும் துண்டு, கணினிக்குள் இருந்தவற்றை ஒளித்து ஒளித்து எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. இணையம் முழுவதும் அதற்கே போனதால்தான் அம்மாவின் முகம் பாதியில் நின்றது.

அடுத்த நாள் தங்கராசா மாமா வந்து கேட்டுவிட்டு, சீடியை மேசையில் போட்டார்.

"ஓட்டமாவடியில இருந்து வந்ததுதானே. வேணுமெண்டுதான் செஞ்சிருப்பானுகள்."

இனி அங்கிருந்து எதுவும் வாங்கக்கூடாது என்றார். தெரிந்த ஆள் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பார்க்கும்வரை இணையத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். அவர் எப்போது வருவார் என்று வதனி அக்கா கேட்டாள். அடுத்த மாதமாக இருக்கலாம் என்றார்.

அஜந்தா விரல்விட்டு எண்ணினாள். அடுத்த மாதம் என்றால் எத்தனை வெள்ளிக்கிழமை? ஹலீம் சேர் ஏன் அப்படிச் செய்யவேண்டும்? போன முறை வந்தபோது கெட்டுப்போன மௌஸைத் தன் காசில் மாற்றித் தந்தவர் அவர்தானே?

இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது.

"மாமா, இந்தச் சீடியை வவுணதீவுப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தது ஆர்?"

தங்கராசா மாமா வதனி அக்காவைப் பார்த்தார். வதனி அக்கா நிலத்தைப் பார்த்தாள். அவள்தான் அதைப் பிரதி எடுத்து, வலையிறவுப் பாலத்தைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தவள். போர் முடிந்து கொஞ்ச நாள்தான். பாலத்தடியில் நின்ற ஆமிக்காரர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினாராம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கணினி வந்திருந்தது.

"நாங்கதான்" என்றாள் வதனி அக்கா.

"அப்ப அவங்களும் நாங்க வேணுமெண்டு செஞ்சதெண்டு நினைப்பாங்களா?"

தங்கராசா மாமா மேசையில் கிடந்த சீடியை எடுத்துப் புரட்டினார். பிறகு தொலைபேசியை வதனி அக்காவின் பக்கம் தள்ளினார்.

ஹலீம் சேர் முதலில் நம்பவே இல்லை. அவருடைய கணினிகளும் ஒரு கிழமையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்காக அவர் தொலைபேசிக் கந்தோருக்குப் போய் அங்குள்ள அலுவலர்களோடு இரண்டு தரம் சண்டை பிடித்திருந்தார். இப்போது போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, மென்பொருளைச் செய்தவருக்கு உடனே எழுதினார்.

பதில் வியாழக்கிழமை வந்தது. ஹலீம் சேர் அதைத் தொலைபேசியில் தமிழில் சொல்ல, எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். தட்டச்சு மென்பொருளைச் செய்தவர் அந்த டிக் துண்டை எழுதவில்லை. பல பேர் எழுதிய துண்டுகளைச் சேர்த்துத்தான் அவர் மென்பொருளைச் செய்தார். டிக் துண்டை எழுதியவர் வேறொரு நாட்டில் ஒரு பெண். அவர் வேலையால் களைத்துப்போயிருந்த நேரம், முன்பின் தெரியாத ஒருவர் மிகவும் மரியாதையாக எழுதி, அந்தத் துண்டை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பெண்ணும் நம்பிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் அந்தப் புது ஆள் டிக் துண்டுக்குள்ளே, கணினியில் இருப்பதை வெளியே அனுப்பும் இன்னொன்றை ஒளித்து வைத்துவிட்டார். அந்த ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்தத் துண்டை எடுத்தாயிற்று, எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றவேண்டும்.

அஜந்தாவுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

"சேர், எவரும் திறந்து பாக்கலாமெண்டு சொன்னீங்களே. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல மகள். வேற ஆராவது பாத்திருப்பாங்க எண்டு நினைச்சன்."

"அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்களா?"

"ஓம் போலதான் கிடக்கு" என்றார் ஹலீம் சேர்.

வவுணதீவுக்கு யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. முந்தைய நாள் முழுவதும் எடுத்தும் அந்தப் பக்கம் தொலைபேசி கிடைத்திருக்கவில்லை. தங்கராசா மாமா மோட்டார் சைக்கிளை எடுத்து, அஜந்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும், நீயே சொல்லு என்று அவளை முன்னால் விட்டார்.

இலட்சுமிப்பிள்ளை ரீச்சர் கணினியைச் சீலையால் மூடி வைத்திருந்தார்.

"ரீச்சர், நாங்க தந்த சீடியில கூடாத துண்டொண்டு இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியாது. ஆனா தந்தது நாங்கதான்" என்றாள் அஜந்தா.

ரீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"இது ஊரத் தொடங்கினதும், நான் தொட்டுத்தான் பழுதாப் போச்செண்டு நினைச்சன், மகள். பயத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. பிள்ளையளையும் கிட்ட விடல்ல."

தங்கராசா மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி மீசையைத் துடைத்துக்கொண்டார். துண்டை அஜந்தாவே அழித்தாள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ரீச்சர் உள்ளே கூப்பிட்டார்.

கொழும்பு ஆளுக்குக் காத்திராமல் தங்கராசா மாமா இணையத்தைத் திறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அப்பா அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்தார். அம்மாவின் முகம் முழுதாக வந்தது, நிற்காமல் அசைந்தது. போன கிழமை என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். அஜந்தா ஓட்டமாவடி, வவுணதீவு, களைத்துப்போன பெண், மரியாதையாக எழுதிய ஆள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அப்ப அந்தாள் ஆர், எங்க இருக்கிறான்?" என்று கேட்டார் அம்மா.

"அதுதானம்மா ஒருத்தருக்கும் தெரியா."

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல, மகள்."

"எனக்கும் முழுக்க விளங்கல்ல அம்மா."

அம்மா சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு உடையாமல் கேட்டது.

"அப்ப முதல்ல இருந்து ஆறுதலாச் சொல்லு. எனக்கு இண்டைக்கு லீவு."