பாறைக்காட்டுச் சிவப்பு விளக்கு

மணி அடித்துவிட்டது. கவுன்சிலர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மன்றக் கூடத்தின் கதவை பியூன் முக்கால்வாசி சாத்தியிருந்தார். அவர் நீட்டிய கூடையில் கைப்பேசியைப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகியபடி உள்ளே நுழைந்தாள்.

"நீங்க போட்ட சட்டத்துல நீங்களே மாட்டியிருப்பீங்கம்மா," என்று சிரித்தபடி அவர் வெளியிலிருந்து பூட்டினார்.

உண்மைதான். ஓட்டெடுப்பு நேரத்தில் ஆளாளுக்கு டீ குடிக்க நழுவுகிறார்கள் என்று சண்டை போட்டு, மணி அடித்தால் முடிவு சொல்லும்வரை கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் அவள்தான்.

உட்கார்ந்து மேஜையில் கை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

அந்த ரீங்காரம். வீட்டின் பின்னறைச் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை வழியாக ஏறி, பல்லின் வேரில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, ஈரமண்ணும் துருவும் கலந்த ஒரு வாடையையும் கூடவே கொண்டுவருமே, அதே ரீங்காரம் இங்கே, ஊரின் மறுகோடியில், மேஜை மரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தம்ளர் தண்ணீரில் மெல்லிய வளையங்கள்.

"ஏசி சத்தம்க்கா," என்றார் பக்கத்து இருக்கை மருந்துக்கடைக்காரர்.

ஏசி ஓடவில்லை.

புது செல்போன் டவர் கட்டுவதை ஆறு மாதம் நிறுத்திவைக்கலாமா என்பதுதான் இன்று ஓட்டுக்கு வந்திருந்தது. "நிறுத்துங்க, அப்புறம் மக்கள் புறாவுல சேதி அனுப்பட்டும்," என்று ஒருவர் கத்த, கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில், பாறைக்காட்டுக்கு முன்னால் அவள் வீடு இருக்கும் திசையில், உயரத்தில் அந்தச் சிவப்பு விளக்கு.

போன மாதம் மழை விடாமல் பெய்த வாரத்தில் முளைத்தது அந்த டவர். ஜன்னலைத் திறந்தால் நின்றிருந்தது. கடைசி வீடு, கேட்க அக்கம்பக்கமும் இல்லை. தன் வார்டிலேயே தன்னைக் கேட்காமல் நகராட்சித் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்று அவளுக்கு ஆத்திரம். அன்றிலிருந்து அவரோடு பேச்சே இல்லை. எல்லார் முன்னாலும் இன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

"இவ்வளவு பெரிய டவரைக் கட்டிட்டு ஒரு கோடு சிக்னல் இல்லையே," என்று கணவன் கிண்டலடிப்பான். மகள்தான் சிரிக்க மாட்டாள். பின்னறை ஜன்னலிலேயே நிற்பாள். இன்று காலையில்கூட, பல் தேய்த்தபடி சொன்னாள்: "அம்மா, நேத்து டவர் என்னைப் பாக்கக் குனிஞ்சுதும்மா." கனவு என்று மகளின் தலையைத் தடவிவிட்டு இவள் வந்திருந்தாள்.

எழுந்தாள். "புதுசை மட்டும் நிறுத்தினா போதாது. என் வீட்டுக்குப் பின்னால கட்டினதையும் இறக்கணும். ஏழு வயசுப் பொண்ணு இருக்கா. தலைவர் யாரைக் கேட்டு அனுமதி குடுத்தார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்றீங்க? இஞ்சினியர், என்னய்யா அது?"

நகராட்சி இஞ்சினியர் தயங்கி எழுந்தார்.

ரீங்காரம் நின்றது.

அப்படியே. கத்தியால் அறுத்ததுபோல். தம்ளர் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். விளக்கு நகர்ந்தது. பக்கவாட்டில் அல்ல. கீழே. மெதுவாக.

"கதவைத் திறங்க." ஓடினாள். இழுத்தாள். தட்டினாள். "அண்ணே! கதவைத் திறங்கண்ணே!"

வெளியே பதில் இல்லை. பியூன் டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஃபோனைக் குடுங்க யாராவது!"

எல்லார் கைப்பேசியும் வெளியே, கூடையில்.

"மேடம், பதறாதீங்க," இஞ்சினியரின் குரல் பின்னாலிருந்து வந்தது. "அந்த இடத்துக்கு இப்பத்தான் மனுவே வந்திருக்கு. யாருக்கும் அனுமதி குடுக்கல. போன வாரம் நானே போய் அளந்தேன். வெறும் பாறைதான் மேடம். உங்க வீட்டுக்குப் பின்னால டவரே இல்ல."

"அப்ப..." மருந்துக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் விரல் நீட்டினார். "அது என்ன?"

கூரைகளின் வரிசைக்கு அப்பால், அவள் வீட்டுப் பின்னறை இருக்கும் உயரத்துக்கு, அந்தச் சிவப்பு இறங்கி நின்றது.

ஒருமுறை மூடித் திறந்தது.