நாற்பத்தொரு பேரை இறக்கிய குட்டன்

குட்டனின் உயரம் ஒன்றரை அங்குலம். உடம்பு முழுக்கப் பென்சில் கோடு. அப்பேர்ப்பட்டவன், ஒரே ஒரு சொல்லால் நாற்பத்தொரு பேரைப் புளியமரத்திலிருந்து இறக்கிவிட்டான்! நம்ப மாட்டீர்களா? சரி, கேளுங்கள்.

உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். அதில் ‘இடிவீரன்’ என்ற படக்கதை வந்தது. கதை எழுதியவன், பத்திரிகை ஆசிரியர் சேக் பரீத். படம் போட்டவள் சொர்ணலதா. இடிவீரன் புலியை வாலைப் பிடித்துச் சுழற்றுவான். அவனுக்குச் சமைத்துப் போட, சட்டியும் கரண்டியுமாகப் பின்னாலேயே ஓடுகிறவன்தான் மலையாளத்துக் குட்டன்.

குட்டன் என்றால் சொர்ணலதாவுக்கு உயிர். குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பேச்சு எழுதுவாள். “இத்திரி உப்பு தா”, “இத்திரி புளி தா” என்று இதழுக்கு இதழ் கேட்பான். இத்திரி என்றால் கொஞ்சம்.

அது யுத்த காலம். காகிதத்துக்குப் பஞ்சம்.

“ஏ சொர்ணம், மிச்சம் நாலே தாளுதான் இருக்கு. குட்டனைத் தூக்கிரு” என்றான் பரீத்.

“ஏலே, அவன் என்ன பாவம் பண்ணான்?”

“காப்பாத்துறது வீரன் வேலை. உப்புக் கேக்குறவன் யாரைக் காப்பாத்துவான்? வெள்ளிக்கிழமை இதழ்ல அவன் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

சொர்ணலதா ரப்பரை எடுத்தாள். அழிக்க மனம் வரவில்லை.

அப்போது வாசலில் ஒரே கூச்சல். “வெள்ளம்! வெள்ளம்!”

மலையில் மூன்று நாளாக மழை. ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“கரை உடைஞ்சிருச்சு! மரத்துல ஏறுங்க!” என்று கத்தினார் சுயம்புலிங்கம் வாத்தியார். கத்தி முடிப்பதற்குள் முற்றத்துப் புளியமரத்தின் உச்சிக்கிளையில் இருந்தார். பிள்ளைகள் முப்பத்தொன்பது பேரும் ஏறினார்கள். மணியடிக்கும் தவசி மணியோடு ஏறினார்.

கீழே கூச்சல் தேய்ந்தது. “இத்திரி வெள்ளம் தா...”

இரண்டாம் கிளையில் சொர்ணலதா காதைத் தீட்டினாள். இத்திரியா? கொஞ்சூண்டு வெள்ளம் கொடு என்று யாராவது கேட்பார்களா? இது குட்டன் உப்புக் கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!

“ஐயா, ஆத்து வெள்ளம் இல்ல! மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி! குடிக்கக் கேக்குறாக!”

சரசரவென்று இறங்கிச் செம்பில் தண்ணீர் மொண்டு ஓடினாள். மழையெல்லாம் மலையோடு சரி. இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மூட்டையோடு நடந்து வந்த மலையாளத்துக்காரர் சுவரில் சாய்ந்து கிடந்தார். மூன்று செம்பு குடித்த பிறகே அவருக்குக் கண் தெளிந்தது. அண்ணாந்து பார்த்தார். மரம் முழுக்க நாற்பது முகங்கள்!

“இன்னு பள்ளிக்கூடம் மரத்திலாணோ?” என்றார்.

எல்லாரும் அசடு வழிய இறங்கினார்கள். வாத்தியாருக்கு மட்டும் ஏணி கொண்டுவர வேண்டியதாயிற்று.

“எப்படி ஆத்தா கண்டுபிடிச்சே?” என்று ஏணியில் நின்றபடியே கேட்டார்.

“குட்டன் பேச்சு ஐயா அது!”

பரீத் ரப்பரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை இதழின் நாலு தாளிலும் குட்டன் இருந்தான். கடைசித் தாளில் புளியமரமும் நாற்பத்தொரு தலைகளும். அதற்கடியில் பரீத் தன் கைப்பட எழுதியிருந்தான்:

“இதில் புளுகு ஒன்றும் இல்லை. மூன்றாம் கிளையில் நான் இருந்தேன். – ஆசிரியர்.”